வரவேற்புத் திரைக்காரன்

புதிதாக ஒரு செயலியைத் திறப்பவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போகிற முதல் சில திரைகளைச் செய்வது என் தொழில். அதாவது, நீங்கள் படிக்காமலே 'தவிர்' என்று அழுத்திவிட்டுப் போகிறீர்களே, அதே திரைகள்.

இந்த முறை, லிட்டில் இந்தியாக் கடைகளில் பூவும் காய்கறியும் வாங்க ஒரு செயலி. சோதித்துப் பார்க்க வருகிறவர்கள் தமிழ்த் திரைகளில் தடுக்கி நின்றால் ஆங்கிலமே போதும் என்று மேலாளர் சூ லிங் சொல்லிவிட்டார். தமிழ் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சிங்கப்பூரில் தங்கவிடும் பாஸ் இல்லை. செங்காங்கில் மகளை இப்போதுதான் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தோம்.

வாசலிலேயே

முதலில் வந்தவர் கிளமெண்டியிலிருந்து ராஜு அங்கிள், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கடகடவென்று திரைகளைத் தாண்டினார். எனக்கு உயிர் வந்தது. திடீரென்று விரல் நின்றது, முகம் மாறியது. எட்டிப் பார்த்தேன். மேல்மூலையில் 'வெளியேறு' என்றிருந்தது. ஆங்கிலத்தில் 'லாக் அவுட்' என்று சாதுவாக இருந்ததை அகராதி பார்த்து நான்தான் அப்படி மாற்றியிருந்தேன்.

"தம்பி, நான் இன்னும் ஒண்ணுமே வாங்கல. அதுக்குள்ள வெளியேறுன்னா எப்படி லா?"

மரியாதை

அன்றே அதை 'போய் வருகிறேன்' என்று மாற்றினேன். அடுத்து வந்த செல்வம் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், தஞ்சாவூர்க்காரர். வெண்டைக்காய், முருங்கைக்காய் எல்லாம் பொறுமையாகத் தேர்ந்தெடுத்தார். பணம் கட்டுவதற்கு முன்னால் 'போய் வருகிறேன்' என்பதை அழுத்தினார். எல்லாம் போய், பழையபடி முதல் திரை வந்து நின்றது. ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்டபோது என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"சொல்லிக்காம எப்படிண்ணே கிளம்புறது?"

கடைசிப் பெயர்

மூன்றாவது அகிலா, பொங்கோலில் இருந்து வந்த மருத்துவமனைத் தாதி. அன்று பார்த்து சூ லிங் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அகிலா எங்கும் தடுக்கி நிற்கவில்லை. முதல் பெயர்: அகிலா. கடைசிப் பெயர் என்ற இடத்தில், நம்மில் எல்லாரும் செய்வதுபோல, அப்பா பெயர். வேண்டியது: பூமாலை. நான் மூச்சுவிட்டேன்.

வரவேற்புத் திரை வந்தது. கடைசிப் பெயரைச் சொல்லி அழைக்கும்படி யாரோ அமைத்த அமைப்பு அது. வாசகம் மட்டும் என்னுடையது. 'வாங்க, ஆறுமுகம்! உங்கள் மாலை தயார்.' அகிலா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"நாளைக்கு அப்பாவுக்குத் திதி. போட்டோவுக்குத்தான் மாலை. அதையும் அவரே வந்து வாங்கிக்கணுமா?"

தீர்ப்பு

அகிலா என்ன சொன்னார் என்று சூ லிங் கேட்டார். மறைக்க வழியில்லாமல் மொழிபெயர்த்தேன். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது வரை மனசு ஓடிவிட்டது. சூ லிங் அகிலாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது:

"எனக்கு வர்ற மெயில்ல பாதி எங்க தாத்தாவோட குடும்பப் பெயரத்தான் கூப்பிடுது. தமிழ் இருக்கட்டும், அந்தக் கடைசிப் பெயர்ப் பெட்டிய முதல்ல தூக்கு."

ஆகவே என் பாஸ் பிழைத்தது. இப்போது 'உங்களை எப்படிக் கூப்பிடலாம்?' என்று கேட்க ஒரு திரையைக் கூடுதலாகச் செய்துகொண்டிருக்கிறேன், அதையும் நீங்கள் தவிர்க்கத்தான் போகிறீர்கள்.