கெண்டிக்கு விலை சொன்னவர்

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தோடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வீடும் என் பெயரில்தான். அதனால் உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்தபோது வீட்டைப் பற்றிப் பேச்சு வரவில்லை. உள்ளே இருந்த சாமான்களைப் பற்றி வந்தது. என் அண்ணன், காக்கா, அட்டாளைச்சேனையில் கல்யாணம் முடித்து அங்கேயே இருக்கிறார். உம்மாவுக்குக் கத்தம் ஓதி முடிந்த கையோடு, "ஷரீஅத்துப்படி எனக்கு ரெண்டு பங்கு, ஒனக்கு ஒரு பங்கு" என்றார். கேட்டது பிழையில்லை. கேட்ட நேரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டகத்தை அறுத்துப் பங்கு போட முடியாது. ஆகவே கொழும்பில் பழைய சாமான் ஏலம் போடுகிற ஒருவரை வேனோடு கூட்டிவந்தார்.

அந்த மனிதர் சப்பாத்தோடு உள்ளே வந்தார். கழற்றச் சொன்னேன். கழற்றினார். பிறகு எல்லாவற்றுக்கும் குறை சொன்னார். பெட்டகத்தில் கறையான். பீங்கான் கோப்பைகளில் கீறல். பித்தளை வட்டாவில் காந்தத்தை ஒட்டிப் பார்த்து, "கால் மாத்தியிருக்கு" என்றார். வருகிறவர்களுக்கு உம்மா வெற்றிலை வைத்து நீட்டிய வட்டா அது. வாங்கியவர் ஒருவரும் அதன் காலைப் பார்த்ததில்லை.

குசினி அலுமாரிக்கு மேலே துணியில் சுற்றியிருந்த செம்புக் கெண்டியை எடுத்ததும் அவர் பேச்சு நின்றது. அதன் நீண்ட மூக்கைத் தடவினார். வாயை மோந்து பார்த்தார்.

"கற்பூர வாசம் வருது. இது எதுக்குப் பாவிக்கிறது?"

"தொழுகைக்கு ஒழு எடுக்கிற கெண்டி. உம்மாட உம்மாட காலத்துச் சாமான்," என்றார் காக்கா, எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

"மத்த எல்லாத்தையும் சேர்த்தாலும் இதுக்குக் கிட்ட வராது ஹாஜியார். ஹோட்டல் முகப்புல பூப் போட்டு வெச்சா ஆக்கள் நிண்டு பார்ப்பாங்க."

காக்காவின் முகம் மலர்ந்தது.

"அதக் கீழ வைங்க," என்றேன்.

"வேணுமெண்டா ஒண்ட பங்குல கழிச்சிக்க புள்ள. சும்மா கத்தாத."

"காக்கா, அது ஒழு எடுக்கிற கெண்டியில்ல. மையித்துக் குளிப்பாட்டுற கெண்டி."

ஏலக்காரர் மோந்து பார்த்த மூக்கைக் கைலேஞ்சியால் துடைத்தார்.

ஆண்கள் மௌத்தானால் பள்ளிவாசலில் இருந்து சாமான் வரும். இந்தத் தெருவில் பெண் மௌத்தானால் எங்கள் கெண்டிதான் பின்வாசலால் போகும். குளிப்பாட்டுகிற அறைக்குள் ஆண்கள் வருவதில்லை. மகனும் வருவதில்லை. அதனால் காக்காவுக்குத் தெரியாது. தெரியாததைக் குற்றம் சொல்ல மாட்டேன். தெரியாமலே விலை பேசினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அதச் சொல்லத் தேவையில்ல," என்றார் ஏலக்காரர். "வாங்குறவங்களுக்குத் தெரியப் போறதில்ல."

"ஒங்களுக்குத் தேவையில்ல," என்றேன். காக்காவின் பக்கம் திரும்பினேன். "ஒங்கட பொஞ்சாதிக்குத் தேவை. ஒங்கட மகளுக்குத் தேவை. எனக்கும் தேவை. அப்ப எந்த ஹோட்டலுக்குப் போய்க் கேக்கப் போறீங்க?"

காக்கா கெண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்மாவையும் இதாலயா?"

"ஓம். நான்தான் ஊத்தின."

கதிரையில் உட்கார்ந்தார். ஜனாஸாவைத் தூக்கும்போதும் அழாத மனிதர். இப்போதும் அழவில்லை.

"தண்ணி குளிரா இரிந்திச்சா புள்ள? உம்மாக்குக் குளிர் ஒத்துக்காதே."

"இல்ல காக்கா. இளஞ்சூடு. எண்ட கையில ஊத்திப் பார்த்துட்டுத்தான் ஊத்தின."

எழுந்து கெண்டியைத் துணியில் சுற்றினார். சுற்றத் தெரியவில்லை, மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே அலுமாரிக்கு மேலே வைத்தார். பிறகு ஏலக்காரரிடம், "மத்ததுகள ஏத்துங்க" என்றார்.

பெட்டகம் போனது. வட்டாவும் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.