எழுத்தின் காலில் பிசிறு

2012 ஆவணியில், ஒரகடம் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிக்காரர். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். விளிம்பில் பிசிறு இருந்தால் அந்த இரும்பை ஒதுக்கிவிடுவார். எதைக் கையில் எடுத்தாலும் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்ப்பார். பஸ் டிக்கெட்டைக்கூட விடவில்லை.

மடியில் அவருடைய கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம், இரண்டு எழுத்துருக்களில். எது என்று அவரையே சொல்லச் சொல்லியிருந்தாள், அவருக்கு நிச்சயமான பெண். அவள் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அதுதானாம். ஷிஃப்டுக்குள் போய்விட்டால் போன் கிடையாது; அதற்குள் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டுலயும் எழுத்தோட கால்ல பிசிறு இருக்கு, பாத்தியளா அண்ணாச்சி? எதப் பாஸ் பண்ண?"

"அது பிசிறு இல்ல தம்பி. அழகுக்காக வேணும்னே வைக்கிறது."

"அப்ப டிராயிங்லயே உண்டா?" முகம் தெளிந்தது. வரைபடத்திலேயே இருந்தால் அது குறையில்லை.

மறுபடி நகத்தை ஓட்டினார். ஒன்றில் கால்கள் மெலிந்து தனித்தனியாக நின்றன. மற்றதில் பக்கத்து எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"ரெண்டாவதுதான். இதுல கேப்பே இல்ல" என்று போனில் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

இறங்கிப் போய்விட்டார். என் நாட்குறிப்பில் அவர் சொன்ன முகூர்த்தத் தேதி இருக்கிறது. எழுத்துகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், பெயர்களைப் படிக்க மறந்துவிட்டேன்.