என் பாரத்தை என்னோடு சுமந்தவர்கள்

என் தம்பி ஜூட்டுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று சொன்ன நாளில் நான் அழவில்லை. என்னுடையதில் ஒன்றைக் கொடுப்பேன் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் நான்தான். இரத்தமும் பொருந்தியது. நான் அழுதது அதற்குப் பிறகு, டொக்டர் என்னைத் தராசில் ஏறச் சொன்ன அன்று.

அவர் இளம் பெண். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அக்கா, உங்கட கிட்னி நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த எடையோட உங்களை ஒப்பரேசனுக்கு எடுக்க ஏலாது. உங்கட உயிருக்கும் ஆபத்து. குறைச்சுக்கொண்டு வாங்கோ."

நான் திருகோணமலை நகரத்தில் கடைகளுக்கு ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் செய்து கொடுத்துப் பிழைப்பவள். விடிய எழும்பினால் மாவும் எண்ணெயும்தான். உப்புப் பார்க்க ஒன்று, உறைப்புப் பார்க்க ஒன்று, உடைந்துபோனது என்று இன்னொன்று. அப்படியே உடம்பு வைத்துவிட்டது. யாராவது கேலி செய்தால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி பிழைப்பதற்கு என் உடம்பே தடையாக நின்றது.

ஒருவரிடமும் சொல்லவில்லை. ஜூட்டிடம்கூட, இன்னும் சில பரிசோதனைகள் இருக்கின்றன என்று சமாளித்தேன். வீட்டில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த உடம்பை நீரே குறைத்துவிடும்" என்று கெஞ்சினேன். சாப்பாட்டை அடியோடு விட்டேன். ஒரு காலை மரக்கறிச் சந்தையில் கண் இருண்டு விழுந்தேன்.

என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நிஸ்ரியா. கிண்ணியாவிலிருந்து கல்யாணம் முடித்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவள். அவளுக்கு என்னைவிட வயது குறைவு. சீனி போட்ட தேத்தண்ணியைக் குடிக்க வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

பின்னேரமே அவள் ரஜனியை அழைத்து வந்துவிட்டாள். ரஜனி எங்கள் சபைப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். குசினிக் கதிரையில் உட்கார்ந்து கோபமாகக் கேட்டாள்.

"ஏன் எங்களிட்ட சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

"தம்பிக்குக் கிட்னி குடுக்கப்போறவளுக்கு என்ன வெக்கம்? பட்டினி கிடந்து சாகப்போறியே? நாளைக்குக் கிளினிக்குக்கு நானும் வாறன்."

அவளே என்னோடு வந்து, எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கேட்டறிந்தாள். தட்டில் பாதிக்கு மரக்கறி, சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், மீன், வல்லாரைச் சம்பல். நிஸ்ரியா தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

"உப்புப் பாக்கிற வேல இனி எனக்கு அக்கா. நீங்க ஒண்டும் வாயில வெக்கப்படாது."

அன்றிலிருந்து நான் கறி கிளறும்போதெல்லாம் சுவர் பக்கம் நின்று கூப்பிடுவேன், அவள் வந்து ருசி பார்ப்பாள். என்னைவிட அவளுக்கு நாக்குச் சுத்தம்.

காலையில் மூவருமாகத் துறைமுக வீதியில் நடந்தோம். முதல் வளைவுக்கே எனக்கு மூச்சு முட்டியது. நான் கரையோரக் கல்லில் உட்கார்ந்தால் அவர்களும் உட்காருவார்கள். எங்கள் நகரத்து வீதிகளில் திரியும் மான்கள் எங்களைச் சட்டை செய்யாமல் புல் மேயும். "போவம்" என்று நான் சொல்லும்வரை ஒருத்தியும் அவசரப்படுத்தியதில்லை.

எடை இறங்கியது. பிறகு இறங்காமல் நின்றது. மாரி மழை தொடங்கிய நேரத்தில் ஜூட்டுக்கு நெஞ்சில் நீர் கட்டி, மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கடைக்குப் பொரித்து வைத்த ரோல்ஸை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். பின்கதவால் நிஸ்ரியா வந்தாள். தட்டைப் பறிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏலாது நிஸ்ரியா. நானும் தோத்துப்போனன். கடவுளும் கேக்கேல்லை."

"தம்பிக்கு மூச்சு இருக்குத்தானே அக்கா? அப்ப இன்னும் ஒண்டும் முடியல்ல. நாளைக்கு நடப்பம்."

மறுநாள் காலை நல்ல மழை. வர மாட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். படலையடியில் இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரஜனியின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. என் ஜெபம் எப்போதோ கேட்கப்பட்டுவிட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வாசலில் நின்றபடியே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. ரமழான் நோன்பு மாதத்தில்கூட நிஸ்ரியா வந்தாள். "தண்ணி குடிக்காமல் நடக்காதை, வீட்டில இரு" என்று நாங்கள் சொன்னோம். "மெதுவா வாறன், நீங்க முன்னுக்குப் போங்க" என்றாள். நான் ஒருவருக்காக மெதுவாக நடந்தது அப்போதுதான் முதல் தடவை.

மறுபடி கிளினிக்குக்குப் போன அன்று டொக்டர் தராசைப் பார்த்தார். என்னை இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றிப் பார்த்தார். "இனி எடுக்கலாம் அக்கா" என்றார்.

ஒப்பரேசன் கொழும்பில் நடந்தது. ரஜனி லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். கடைகளுக்கு நான் கொடுக்க வேண்டியவற்றை நிஸ்ரியா செய்து கொடுத்தாள். மயக்கம் தெளிந்தபோது ரஜனி என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்:

"ஜூட்டுக்கு மூத்திரம் போகுது."

என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான செய்தியை நான் கேட்டதில்லை. புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தையல் வலியோடு சிரித்தேன். ஆண்டவருக்கே மகிமை.

ஜூட் இப்போது பாலையூற்றில் உள்ள தன் வீட்டிலிருந்து மறுபடி வேலைக்குப் போய் வருகிறான். மருந்துகள் உண்டு, கவனம் வேண்டும், ஆனால் என் தம்பி உயிரோடு இருக்கிறான். நானும் என் உடம்பை இப்போது ஆண்டவர் தந்த நல்ல பொருளாகப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பான சகோதர சகோதரிகளே, முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொல்வதைப் பக்கத்து வீட்டாரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். அவர் உதவியை எந்த வாசலால் அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. வெட்கத்தினால் வாயை மூடிக்கொண்டிருக்கிறவர் யாரும் இங்கே இருந்தால், ஜெபித்துவிட்டு, காலையில் துறைமுக வீதிக்கு வாருங்கள். நாங்கள் மூவரும் அங்கே இருப்போம். நீங்கள் மூச்சு வாங்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.