அசையாதம்மாவின் இடது கன்னம்

நான் ஊர் சுற்றக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலையில்தான் சித்திக்கு முதல் வலி வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு இடது கன்னத்தைப் பொத்தினார். கரண்ட் அடித்ததுபோல் இருந்ததாம்.

"பல்லுதான். நீ கெளம்பு, பஸ் போயிடும்."

கிளம்பிவிட்டேன்.

சித்தி ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பவர். குழாய்க்குள் படுப்பவர்களிடம் இருபது வருடமாக மைக்கில் "அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, அங்கே அவர் பெயரே அசையாதம்மா.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தால், வீட்டில் ஃபேன் ஓடவில்லை. காற்றுப் பட்டாலே வலி வெட்டுமாம். இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. பாலை வலது ஓரமாக ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஸ்கேன் பண்ணலையா சித்தி?"

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கூட இருக்கறவளை எடுக்கச் சொன்னேன். நானே பாத்துட்டேன்."

"டாக்டர்?"

"காட்டலை." குரல் தாழ்ந்தது. "மூளைத்தண்டுலேருந்து முகத்துக்கு ஒரு நரம்பு வருது. ரத்தக்குழாய் அதுல இடிச்சா இப்படித்தான் வலிக்கும். நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணை வெச்சுப் பிரிச்சிடலாம். எனக்கு இடிக்கறது வலது பக்கம்டி. வலிக்கறது இடது. அப்ப இது வேற எதுவோ. எத்தனை தலைக்குள்ள பாத்திருக்கேன், அந்த வேற எதுவோ என்னன்னு எனக்குத் தெரியும்."

அந்தப் பயத்தோடு பதினான்கு மாதம் வேலைக்குப் போயிருக்கிறார்.

செல்போனை நீட்டினார். கம்ப்யூட்டர் திரையைப் பெரிதாக்கி எடுத்த போட்டோ. வெள்ளை நீருக்குள் கறுப்பு நூலாக இரண்டு நரம்புகள். வலப்புற நூலின் மேல் ஒரு ரத்தக்குழாய் வளைந்து சாய்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுத் தலையும் தெரியட்டும் என்று அடுத்த படத்துக்குத் தள்ளினேன். அதில் வலது ஓரத்தில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து.

"எல்லுன்னா இடதுதானே சித்தி?"

போனைப் பிடுங்கிப் பார்த்தார். ஸ்கேன் படம் எதிரே நிற்கும் ஆளைப் போன்றது. அவருடைய இடது நமக்கு வலப்பக்கம் வரும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவர் முதல் நாளே சொல்லித்தருவது இது.

"ஊரான் தலைன்னா ஒழுங்கா பாக்கறேன். என் மூஞ்சின்னதும் கண்ணாடியைப் பாக்கற மாதிரி பாத்திருக்கேன்டி!" சிரிக்கப்போய்க் கன்னத்தைப் பொத்தினார்.

"அசையாதீங்க," என்றேன்.

"கொழுப்புடி உனக்கு."

ரத்தக்குழாய் இடிப்பது இடது பக்க நரம்பில்தான் என்று டாக்டரும் சொன்னார். காதுக்குப் பின்னால் மண்டையில் துளை போட வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை சித்தி என் கையை விடவில்லை. "எந்திரிக்கலைன்னா? காது கேக்காமப் போயிட்டா?" கண் விழித்தார், காதும் கேட்டது. ஆனால் கன்னம் மரத்திருந்தது. வலி போய்விட்டதா, மரப்புக்கு அடியில் காத்திருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. இடது பக்கத்தைத் தொட விடவில்லை. அந்தப் பக்கம் பிரஷ் போகவே இல்லை.

நான் மறுபடி கிளம்பிவிட்டேன். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. போனில் கேட்டால், "இன்னும் தொட்டுப் பாக்கலை," என்பார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. நாற்பது விநாடி. பேச்சே இல்லை. பல் தேய்க்கும் சத்தம், முதலில் மெதுவாக, நடுவே நின்று, பிறகு வேகமாக. வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம். பின்னால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.