கேசட்டில் மிஞ்சிய மூன்று நிமிடம்

நேற்று காந்திபுரம் சிக்னலில் கார் நின்றபோது மகளின் செல்போனில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு ஓடியது. திரையில் வரிக்கு வரி தமிழில் அர்த்தமும் வந்தது. ‘வாசல் விளக்கை அணைக்கவில்லை’ என்றால், ‘உனக்காகக் காத்திருக்கிறேன்’ என்று பொருளாம். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாட்டை எனக்குத் தெரியும்.

என் இளவயதில் அதே சிக்னலுக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜுக்குக் கீழே, கேசட் பதியும் கடை இருந்தது. ஊதுபத்தியும் சூடேறிய மெஷினும் கலந்த வாசனை. பதிவது, அங்கே வேலை பார்த்த கலா. நாம் கொடுத்த பாட்டுப் பட்டியல் முடிந்து நாடா மிஞ்சினால், வீணாக்காமல் ஏதாவது ஒரு பாட்டை இனாமாக நிரப்பித் தருவது கடை வழக்கம். மற்றவர்களுக்கு முருகன் பாட்டு. எனக்கு மட்டும் ஆங்கிலம். காரணம் நான்தான். “இங்கிலீஷ் பாட்டுன்னா எனக்கு உசுருங்க” என்று ஒருநாள் அவளிடம் அளந்துவிட்டிருந்தேன். ஒரு வரி புரியாது.

நான் வேலை பார்த்த பம்புசெட்டு கம்பெனியில் பக்கத்து மேசை சம்பத்திடம்தான் அர்த்தம் கேட்பேன். அவனுக்கு எல்லாமே கஞ்சாப் பாட்டு. மேகம் வந்தால் புகை, ரயில் வந்தால் கடத்தல். ஒரு கேசட்டின் கடைசியில் கலா பதிந்து தந்த வாசல் விளக்குப் பாட்டுக்கும் விளக்கம் வைத்திருந்தான்.

“சரக்கு விக்கிற ஊட்டுக்கு அதாண்டா அடையாளம். அந்தப் புள்ள உன்னைய ஆழம் பாக்குது. சூதானமா இரு.”

நம்பினேன். சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிற வயது.

அடுத்த வாரம், அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள் கலா.

“ஏனுங்க, கடைசிப் பாட்டக் கேட்டீங்களா?”

“இல்லீங்க. டேப்பு சிக்கிப்போச்சு.”

“மறுக்காப் பதிஞ்சு தரட்டுங்களா?”

“வேண்டாமுங்க. இனிமே அந்த எடத்தச் சும்மாவே உட்ருங்க.”

பேனா நின்றது. “செரிங்க” என்றாள்.

அதன்பின் என் கேசட்டுகள் வெறும் இரைச்சலில் முடிந்தன. தை பிறந்ததும் கல்யாணமாகிக் கருமத்தம்பட்டிக்குப் போய்விட்டாளென்று முதலாளி சொன்னார்.

செல்போன் சொல்லும் அர்த்தம் மட்டும் சரியென்று யார் கண்டது? சம்பத்தும் அந்தக் கடையில்தான் பதிந்தான். அவன் கேசட்டின் கடைசியில் என்ன இருந்தது? முருகன் பாட்டா? அந்தப் பொறாமையில்தான் எனக்கு அப்படி அர்த்தம் சொன்னானா? அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்டாலும் உண்மையைச் சொல்வானா?

லாட்ஜ் இருந்த இடத்தில் இன்று துணிக்கடை. பச்சை விழுந்தது. பாட்டு முடிந்ததும் நாங்கள் கேட்காத இன்னொன்றைச் செல்போன் தானாகப் போட்டது. இதுவும் இனாம்தான். மறுவாரம் நிமிராமல், “கேட்டீங்களா” என்று விசாரிக்கத்தான் ஆளில்லை.