ஜப்பான்காரன் கன்னத்தில் இரும்புக் குழாய்

ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவள் நான் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரணம், ஜப்பான் படங்கள். எல்லா ஜப்பான் படமும் அல்ல. தலைமுடியைக் கூராக நிமிர்த்தி, காதிலும் மூக்கிலும் ஊக்கு குத்திய பயல்கள் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு நகரத்தையே பிரித்துப் போடுவார்களே, அந்த மாதிரிப் படங்கள். கதை இருக்காது. கையில் காசும் இருந்திருக்காது. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்தே எடுத்திருப்பார்கள். பின்னால் கித்தார் காட்டுக்கத்தல் கத்தும்.

எனக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறை போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, நாள் முழுக்க ஒரே மாதிரியான சின்னச் சின்ன உதிரிப் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு கீறல் இருக்கக்கூடாது. வேலை முடிந்து புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இந்தப் படத்தைப் போட்டால் கீறாத சாமானே கிடையாது. உடைக்கிறான், நொறுக்குகிறான், யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. எனக்கு அது அத்தனை சுகம்! முறுக்கைக் கடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பேன். என் வீட்டுக்காரர் பாதியிலேயே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த மாமியாரும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். திரையில் ஒருத்தன், இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வந்த இரும்புக் குழாயோடு, ரத்தம் கொட்டக் கொட்ட ஓடினான். இன்றோடு என் மானம் போச்சு என்று நினைத்தேன். சாய்ந்திருந்த மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எந்தக் கோயில்லம்மா இது? அலகு குத்திக்கிட்டு இவ்ளோ ரத்தம் கொட்டுது! வெரதம் சுத்தமா இருக்கல போல.”

எனக்குப் புரையேறிவிட்டது.

அலகு என்றதும் என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து வந்து நின்றார். போன வருஷம் டெங்கிக் காய்ச்சலில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்துவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள்! நான் ஆடிப்போய்விட்டேன்.

“எனக்குப் பயமாதான் இருக்கு. நீ எதிர்ல நின்னு கையப் பிடிச்சிக்க. ஒனக்குதான் இதெல்லாம் சாதாரணமாச்சே,” என்றார்.

“கவலப்படாதீங்க லா. கண்ணு சிமிட்டாம நிப்பேன்.”

பங்குனி உத்திரத்தன்று காலை மாமியார் இருக்கும் தோட்டத்துக் கோயிலில் உறுமி முழங்கியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். நான் எதிரில் நின்றேன், மாமியார் என் பக்கத்தில். பூசாரி விபூதியைப் பூசி வேலின் நுனியைக் கன்னத்தில் வைத்தார். தோல் லேசாகக் குழிந்தது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. அவர் கை மட்டும் என்னைத் தேடிக் காற்றில் துழாவியது.

நான் ஓடிவிட்டேன். செம்பனை மரத்தடியில் நின்ற லோரிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன். “வேல் வேல்” என்று கூட்டம் கத்துவது கேட்டது. திரையில் எத்தனை பேர் கிழிபட்டு விழுவதைப் பார்த்துச் சிரித்தவள்! அவர்களில் ஒருவன்கூட என் ஆள் இல்லை, அவ்வளவுதான். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஊர்வலம் கிளம்பும்போதுதான் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் அவருக்கு முன்னால் நடந்தேன். அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து, கன்னத்திலிருந்து வேலை உருவி விபூதி வைத்து அமுக்கினார்கள். வாய் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்னிடம்தான்.

“ஒன் கைய ரொம்ப நசுக்கிட்டேனா? குத்தி முடியிற வரைக்கும் விடாம பிடிச்சிருந்தியே.”

பக்கத்தில் நின்ற மாமியார், சிவந்து வீங்கிய விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

“அவளுக்கு ஒண்ணுமில்ல. நீ தண்ணியக் குடி,” என்றார்.