ரேடியம் முள்ளும் கண்ணாடிப் பெட்டியும்

எழுபதுகளின் தொடக்கத்தில், இருட்டில் பச்சையாக மின்னும் முள் வைத்த கடிகாரத்துக்கு அருப்புக்கோட்டையில் ஏக மதிப்பு. திருச்சுழி, வீரசோழன் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி என் ரிப்பேர்க் கடைக்கு வருவார்கள். மங்கிய பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ரேடியம் பூசிக் கொடுப்பேன்.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். தறி வீட்டில் வளர்ந்தவன். அறுந்த இழையை முடிச்சுப் போடுமுன் அதன் நுனியை உதட்டில் நனைத்துக் கூராக்குவது எங்கள் ஆட்களின் கைப்பழக்கம். பூச்சு பூசும் தூரிகையையும் அப்படித்தான் கூராக்கினேன்.

என் மனைவியின் அண்ணன் பம்பாய்ப் பக்கம் ஓர் அணு ஆலையில் ஃபிட்டர். விடுமுறையில் வந்தவர் கடையில் உட்கார்ந்திருந்தார். தூரிகை உதட்டுக்குப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என்ன மாப்ள, தேனா தொட்டு நக்குறீக?"

"ஏன் மச்சான், விஷமா?"

"இதுலருந்து வர்ற ஆல்பா கதிரு ஒரு காகிதத்தக்கூடத் தாண்டாது. ஆனா தூசி மூச்சோடயோ எச்சியோடயோ உள்ள போச்சுன்னா எலும்புல உக்காந்துக்கிரும். பெறகு வெளிய வராது."

தூரிகையைக் கீழே வைத்தேன். மேசைக்கடியில் விழும் சுரண்டல் தூளைத் தினமும் பெருக்குவது என் மனைவி. அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

அன்றே மச்சான் தரை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தார். விளக்குமாறைக் கடைக்குள் விடக்கூடாது என்றார். மறுநாள் ஆசாரியிடம் சொல்லி, முன்பக்கம் கண்ணாடி வைத்த மரப்பெட்டி ஒன்று செய்து வாங்கி வந்தார். அதில் கை நுழைக்க இரண்டு துளை. துளைகளில் ரப்பர் கையுறைகளை இறுக்கிக் கட்டி, இடுக்கெல்லாம் மெழுகு வைத்தார்.

"எங்க ஆலையில பெட்டிக்குள்ள காத்தக் கொஞ்சம் கம்மியா வச்சிருப்போம். ஓட்டை விழுந்தாலும் வெளிக்காத்துதான் உள்ள போகும். இங்க அதுக்கு வசதியில்ல. அதனால நனைச்சே சுரண்டுங்க, தூசி பறக்காது. கையில இருக்கிற வேலய முடிங்க, புதுசா எடுக்காதீக."

"கையுறை கிழிஞ்சா?"

"வேற மாட்டுங்க."

"மெழுகு உருகுனா? நம்ம ஊரு வெயிலு..."

கடையை ஒட்டிய வீட்டுவாசலில் நின்ற மனைவி சிரித்துவிட்டாள். "அண்ணே, இவுகளையும் ஒரு பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டுப் போ. எனக்கு நிம்மதி."

கையிலிருந்த வேலை முடிந்ததும், மிச்சப் பூச்சையும் துடைத்த துணிகளையும் தகர டப்பாவில் போட்டு, ஈயம் பற்றவைத்து மூடினோம். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆலையில் விசாரித்து, மச்சானே ஏற்பாடு செய்தார். பூச்சு வேலையை அத்தோடு விட்டேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அதுவரை நான் பட்ட பாட்டை எழுதி மாளாது. "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீக" என்று ஊரே சொன்னது. மச்சான் ஒருவர்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, அதற்கு ஒரு வழியும் செய்து கொடுத்தார். அந்த நன்றியை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்த மச்சான் தூக்கக் கையை நீட்டினார். முதலில் கை கழுவச் சொன்னேன்.

"எனக்கேவா மாப்ள?" என்று சிரித்தவர், எழுந்துபோய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.